பனிச்சரிவில் ஒரு தேர்வு

ஸ்னோபோர்டு பயிற்றுநராகச் சான்றிதழ் பெற விரும்புபவருக்கு வைக்கப்படும் தேர்வின் பெரும்பகுதி பனிச்சரிவிலேயே நடக்கிறது. தேர்வர்கள் சிறு குழுவாக மேலே நிற்பார்கள். ஒவ்வொருவராக இறங்கி, கேட்கப்பட்ட திருப்பங்களைச் செய்து காட்டுவார்கள். பிறகு சக தேர்வர்களையே மாணவர்களாகப் பாவித்து ஒரு பாடம் நடத்துவார்கள். மதிப்பீட்டாளர் கீழே நின்று பார்ப்பார், குறித்துக்கொள்வார், கடைசியில் முடிவைச் சொல்வார். அவர் சொல்வதில் இரண்டு பங்கு உண்டு. தேர்ச்சியா இல்லையா என்ற தீர்ப்பு ஒன்று. தேர்வர் இப்போது எங்கே நிற்கிறார், அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பின்னூட்டம் மற்றொன்று. தீர்ப்பு, இத்தகைய தேர்வு பிறந்த நாளிலிருந்தே இருந்துவருகிறது. பின்னூட்டம் அதற்குச் சமமான மதிப்பைப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தத் தேர்வை ஸ்னோபோர்டு உலகம் புதிதாக உண்டாக்கவில்லை. பனிச்சறுக்கிடமிருந்து பெற்றது அது. அதன் வேர் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைகளில் இருக்கிறது. 1890களில் லிலியன்ஃபெல்டு என்ற ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நார்வேயிலிருந்து வந்த நீண்ட சறுக்குக் கட்டைகளைச் செங்குத்தான மலைச்சரிவுக்கு ஏற்பத் திருத்தி, அவற்றில் இறங்கும் முறையைப் படிப்படியாக வகுத்து நூலாக எழுதினார். சறுக்குதலைப் பாடமாக ஒழுங்குபடுத்தலாம் என்பதைக் காட்டிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அந்தப் பாடத்தைத் தொழிலாக மாற்றியவர் ஹான்னஸ் ஷ்னைடர். ஆர்ல்பெர்க் கணவாய்க்கு அருகிலுள்ள ஸ்டூபனில் 1890இல் பிறந்த அவர், 1907இல் சாங்க்ட் ஆன்டனில் ஒரு விடுதியின் விருந்தினருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் மலைப்படை வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் எப்படிக் கற்பிப்பது என்பதை அங்கேதான் அவர் பழகினார். போர் முடிந்தபின் அதே ஒழுங்கை 1920களின் தொடக்கத்தில் தம் பனிச்சறுக்குப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

ஷ்னைடரின் பள்ளியில் மாணவர்கள் திறமைக்கு ஏற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். கலப்பைபோல் கட்டைகளின் முனைகளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பதில் தொடங்கி, இணைகட்டைத் திருப்பம்வரை ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பாடம் இருந்தது. ஒரு மாணவர் இன்று ஒரு பயிற்றுநரிடமும் நாளை வேறொருவரிடமும் போனாலும் பாடம் மாறக்கூடாது. அதற்குப் பயிற்றுநர்கள் அனைவரும் ஒரே மாதிரிச் சறுக்க வேண்டும், ஒரே சொற்களில் பேச வேண்டும். இப்படித்தான் பயிற்றுநர் தேர்வுக்கான தேவை பிறந்தது. எவருடைய திருப்பம் ஆசானின் திருப்பத்தைப் போலவே இருக்கிறதோ அவர் தகுதி பெற்றார். தேர்வின் அளவுகோல் ஒரு வடிவம். அந்த வடிவத்தை உடலில் ஏந்தியிருந்தவர் ஒரு மனிதர். ஒரு பெரிய பள்ளியைத் தரம் குறையாமல் நடத்த அது மிகச் சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னூட்டத்துக்கு அங்கே இடம் குறைவு. ‘என்னைப் போலச் செய்’ என்பதற்கு மேல் ஆசான் சொல்ல அதிகம் இல்லை.

1930களின் இறுதியில் இந்த முறை அட்லாண்டிக்கைக் கடந்தது. 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது ஷ்னைடர் கைதானார். அடுத்த ஆண்டு விடுதலையாகி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நார்த் கான்வே என்ற ஊரில் குடியேறினார். அவருக்கு முன்னும் பின்னுமாக அவரிடம் பயின்ற பலர் வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே அப்போது யார் வேண்டுமானாலும் தன்னைப் பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை. அதற்கு முடிவுகட்டவே 1938இல் வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரில், சூசைடு சிக்ஸ் என்ற சிறு மலையில், அமெரிக்காவின் தொடக்ககாலப் பயிற்றுநர் சான்றிதழ்த் தேர்வு நடத்தப்பட்டது. அதே ஆண்டில் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்றுநர்களின் கூட்டமைப்பு உருவானது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பயிற்றுநர் தகுதியை 1948இல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 1951இல் ஆஸ்திரியாவின் ட்சூர்ஸில் பல நாட்டுப் பயிற்றுநர்கள் கூடித் தத்தம் முறைகளைச் செய்துகாட்டிய மாநாடு, இன்டர்ஸ்கி என்ற பெயரில் இன்றுவரை தொடர்கிறது. அமெரிக்காவில் மண்டலத்துக்கு ஒன்றாக இருந்த தேர்வுகளை ஒரே குடைக்குள் கொண்டுவரும் முயற்சியாக 1961இல் மான்டானாவின் ஒயிட்ஃபிஷ் ஊரில் தொழில்முறைப் பனிச்சறுக்குப் பயிற்றுநர்களின் தேசியச் சங்கம் பிறந்தது.

இக்காலத் தேர்வுகளின் நடுநாயகமாக இருந்தவை ‘இறுதி வடிவங்கள்’. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு முழுமையான தோற்றம் வரையறுக்கப்பட்டிருந்தது. தோள் எங்கே, இடுப்பு எங்கே, கைக்கோல் எந்த நொடியில் பனியைத் தொட வேண்டும் என்பதெல்லாம் நூலில் படமாகவே இருந்தன. மதிப்பீட்டாளர் அந்தப் படத்தை மனத்தில் வைத்துத் தேர்வரைப் பார்த்தார். படத்திலிருந்து எவ்வளவு விலகினாரோ அவ்வளவு மதிப்பெண் குறைந்தது. ஆகவே தேர்வர் கையில் கிடைத்ததெல்லாம் விலகல்களின் பட்டியல்: தோள் சுழன்றது, எடை பின்னால் போனது, கால் விரிந்தது. அந்த விலகல் ஏன் நிகழ்ந்தது, எந்தச் சரிவில் நிகழ்ந்தது, மறுநாள் எதைப் பயிற்சி செய்தால் மறையும் என்பவற்றுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

பார்வையால் அளக்கும் தேர்வுகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகள் தம் வீரர்களுக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியே மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கு மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பெண்ணே விழுந்திருந்தது. ஒரு குணத்தின் ஒளி மற்றவற்றின் மீதும் படிந்துவிடுகிறது. பனிச்சரிவில் இது எளிதில் நிகழக்கூடியது. முதல் இறக்கத்தில் அழகாக வந்து நின்றவரின் பாடமும் நன்றாக இருந்ததாகத் தோன்றும். தடுமாறி விழுந்தவரின் தெளிவான விளக்கம் கவனத்தில் பதியாமல் போகும். இறுதி வடிவம் என்ற ஒற்றைப் படத்தைக் கொண்டு மதிப்பிடும்போது இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

மாற்றம் 1970களில் வந்தது. அதன் ஒரு பங்கு பனிச்சறுக்குக்கு வெளியிலிருந்து வந்தது. டென்னிஸ் பயிற்றுநர் டிமத்தி கால்வே 1974இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரரின் உடலுக்குக் கட்டளைமேல் கட்டளை இடுவதைவிட, பந்து என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கவைத்தாலே கற்றல் விரைவாக நடக்கும் என்று வாதிட்டார். 1977இல் அதே கருத்தைப் பனிச்சறுக்குக்குப் பொருத்தி ராபர்ட் கிரீகலுடன் சேர்ந்து எழுதினார். அமெரிக்கச் சங்கத்துக்குள் ஹார்ஸ்ட் ஆபிரகாம் போன்றோர், நகலெடுக்க வேண்டிய வடிவங்களின் இடத்தில் வளர்க்க வேண்டிய திறன்களை வைக்கும் கற்பித்தல் முறையை உருவாக்கினார்கள். சமநிலை, விளிம்பைச் சாய்த்தல், சுழற்றுதல், அழுத்தம் ஆகியவை எந்தத் திருப்பத்திலும் உண்டு. ஒவ்வொருவரிடமும் அவற்றின் கலவை வேறுபடும். இந்தப் பார்வை தேர்வாணையங்களுக்குப் பெரிய சங்கடம். வடிவத்தை அளப்பது எளிது. திறனை அளக்க மதிப்பீட்டாளர் காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் பயனுள்ள பின்னூட்டத்துக்கான கதவு இங்கேதான் முதலில் திறந்தது. அந்த நேரத்தில்தான் ஸ்னோபோர்டு வந்து சேர்ந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் ஊரில் 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, ஷெர்மன் பாப்பென் என்ற பொறியாளர் தம் மகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அந்தப் பலகை ஸ்னர்ஃபர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முனையில் ஒரு கயிறு. காலைப் பிணைக்க எதுவும் இல்லை. 1977இல் வெர்மான்டில் தொழிலைத் தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர், 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குக் காலைப் பிணைக்கும் பட்டைகள் பொருத்திய பலகையுடன் வந்தார். யூட்டாவில் டிமிட்ரியே மிலோவிச், கலிஃபோர்னியாவில் டாம் சிம்ஸ் என்று வேறு சிலரும் தத்தம் வழியில் பலகைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எவரும் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. பள்ளியே இல்லை. 1982இல் ஸ்னோபோர்டுக்கான முதல் தேசியப் போட்டி சூசைடு சிக்ஸில் நடந்தது. 44 ஆண்டுகளுக்கு முன் பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள் தேர்வுக்காக நின்ற அதே மலை.

அப்போது பெரும்பாலான பனிச்சறுக்கு மையங்கள் பலகைக்காரர்களை லிஃப்டில் ஏற்றவில்லை. வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983இல் கதவைத் திறந்தது. பெரிய மையங்களில் அது முன்னோடி. பிற மையங்கள் தயங்கித் தயங்கி அனுமதித்தன. அனுமதித்த இடங்களிலும் பல, ஒரு நிபந்தனை வைத்தன: பலகையோடு வருபவர் முதலில் ஒரு சோதனையில் தேற வேண்டும். இரு பக்கமும் திரும்பத் தெரிகிறதா, நிற்கத் தெரிகிறதா என்று மையத்தின் ஊழியர் ஒருவர் பார்ப்பார். தேறியவருக்கு அட்டை கிடைக்கும். ஸ்னோபோர்டு வரலாற்றில் இது கவனிக்கத்தக்க செய்தி. பயிற்றுநருக்குத் தேர்வு வருவதற்கு முன்பே, சறுக்க வந்த ஒவ்வொருவருக்கும் தேர்வு இருந்தது. சோதித்தவர்களில் பெரும்பாலோர் பலகையில் நின்றே அறியாத பனிச்சறுக்குக்காரர்கள். அவர்களால் ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று சொல்ல முடிந்தது. எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல முடியவில்லை. மதிப்பீடு என்றாலே விலக்கி வைப்பதற்கான கருவி என்ற எண்ணம் அந்தத் தலைமுறை ஸ்னோபோர்டுக்காரர்களிடம் ஊன்றியதற்கு இது முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க, கற்க வருவோர் பெருகினார்கள். கற்பிப்போர் தேவைப்பட்டார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்கப் பனிச்சறுக்குச் சங்கம் ஸ்னோபோர்டு பயிற்றுநருக்கும் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. கனடாவில் 1994இல் ஸ்னோபோர்டு பயிற்றுநர்களுக்கென்றே தனிச் சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1997இல் தாய்ச் சங்கத்தின் இணை அமைப்பாக ஒன்று உருவானது. அடுத்த ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முறையாகப் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது.

புதிய சங்கங்கள் தேர்வின் உருவத்தைப் பனிச்சறுக்கிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன: நிலைகள், செய்துகாட்டல், பாடம் நடத்தல், எல்லாம். ஆனால் இறுதி வடிவம் என்ற அளவுகோலை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பலகையில் இடது காலை முன்வைத்து நிற்பவரும் உண்டு, வலது காலை முன்வைத்து நிற்பவரும் உண்டு. கால்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, பாதம் எந்தக் கோணத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கட்டிக்காத்த மரபோ ஒரே ஆசானோ இல்லாத விளையாட்டு இது. ‘இந்தப் படத்தைப் போல நில்’ என்று சொல்ல ஒரு படமே இல்லாததால், மதிப்பீட்டாளர் பலகையைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சங்கம் பலகை செய்யும் வேலைகளை நான்காக வகுத்தது: விளிம்பின் மீது சாய்தல், நீளவாக்கில் முறுகுதல், தட்டையாகச் சுழலுதல், அழுத்தத்தால் வளைதல். தேர்வரின் உடல் அசைவை அந்த வேலைகளுக்கான காரணமாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. பனிச்சறுக்கு உலகம் இருபது ஆண்டு விவாதத்துக்குப் பின் வந்தடைந்த இடத்துக்கு, ஸ்னோபோர்டு உலகம் தன் மரபின்மையாலேயே விரைவாக வந்துவிட்டது.

இதன் பொருளைக் குதிகால் பக்கத் திருப்பத்தில் தெளிவாகக் காணலாம். ஸ்னோபோர்டில் ஒருவர் சரிவுக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். கால்விரல் பக்க விளிம்பில் திரும்பும்போது முன்பக்கமாகச் சாய்வார். குதிகால் பக்க விளிம்பில் திரும்பும்போது முதுகுப் பக்கமாகச் சாய்வார். இடைநிலைத் தேர்வர்கள் பலர் தடுமாறுவது இரண்டாவதில். சரிவு செங்குத்தானதும் முழங்காலும் கணுக்காலும் விறைத்துவிடும். உடல் இடுப்பில் மட்டும் மடிந்து, பின்பக்கம் வெளியே தள்ளும். எடை விளிம்பின் மீது நிலையாக இறங்காததால் பலகை தடதடத்து, திருப்பத்தின் கடைசிப் பகுதியில் வால் வழுக்கிப் போகும். பழைய முறையில் பழகிய மதிப்பீட்டாளர் இதற்கு எழுதக்கூடியது: ‘குதிகால் திருப்பம் பலவீனம். முழங்காலை இன்னும் மடக்கவும்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் தேர்வர் முழங்காலை மடக்க முயன்று, முன்னைவிட அதிகமாக இடுப்பில் மடிந்து, முன்னைவிட அதிகமாக வழுக்குவார்.

பயன்படும் பின்னூட்டம் வேறு மாதிரி இருக்கும். மிதமான சரிவில் இரு பக்கமும் பலகை பனியில் மெல்லிய கோடாகவே சென்றது. செங்குத்தான பகுதியில் குதிகால் பக்கத் திருப்பங்களின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தடம் அகன்றது என்று முதலில் கண்டதைச் சொல்லும். கணுக்கால் அசையவில்லை, இடுப்பு ஒன்றே மடிந்தது, அதனால் எடை விளிம்பைவிட்டு விலகியது என்று காரணத்தைச் சொல்லும். பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லும்: எளிய சரிவுக்குத் திரும்பி, கெண்டைக்கால் பைண்டிங்கின் (காலைப் பிணைக்கும் கருவியின்) முதுகுத் தகட்டில் சீராக அழுந்துவதை உணர்ந்தபடி, தடத்தின் அகலம் கடைசிவரை மாறாமல் திரும்பிப் பழக வேண்டும், அது கைவந்தபின் சரிவைக் கூட்ட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் தேர்வர் தனியாகவே பயிற்சி செய்யலாம், தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். பனியில் பதிந்த தடம் பொய் சொல்வதில்லை. அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்த மதிப்பீட்டாளர், தாம் போனபிறகும் தொடரக்கூடிய ஒரு மதிப்பீட்டைத் தேர்வரிடம் விட்டுச் செல்கிறார்.

சரிவில் பட்டறிவாகத் திரண்ட இந்த உண்மைகளுக்கு அதே காலத்தில் ஆய்வுகளும் சான்று சேர்த்தன. கற்றலின் நடுவே அதை மேம்படுத்துவதற்கான மதிப்பீட்டையும், முடிவில் தரம் குறிப்பதற்கான மதிப்பீட்டையும் வேறுபடுத்தி மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இலேயே எழுதியிருந்தார். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு மதிப்பீட்டாளர்களைச் சிந்திக்கவைத்த ஒன்று. ஒரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், இன்னொரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்கு மதிப்பெண் கருத்துரையை மறைத்துவிட்டது. 1989இல் ராய்ஸ் சாட்லர், பின்னூட்டம் வேலை செய்ய மாணவருக்கு எட்ட வேண்டிய தரம் எது என்பது தெரிந்திருக்க வேண்டும், தம் நிலையை அதனுடன் ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்கும் வழியும் கையில் இருக்க வேண்டும் என்று விளக்கினார். ஆவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாக நன்மையே செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்தே விட்டது என்று தெரிந்தது. கவனம் செயலிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன்மேல் திரும்பும்போது இந்தக் கேடு நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உடலசைவுக் கற்றல் துறையிலிருந்து வந்த சான்று பனிச்சரிவுக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மானிய ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃப், காற்றுப்பாய்ப் பலகையில் தாமே பயிற்சி செய்தபோது, தம் பாதங்களில் கவனம் வைத்ததைவிடப் பலகையில் கவனம் வைத்தபோது திருப்பம் எளிதாக அமைந்ததைக் கண்டார். 1998இல் சக ஆய்வாளர்களுடன் அதைப் பனிச்சறுக்கு அசைவைப் போன்ற இயந்திரம் ஒன்றில் சோதித்தார். பாதத்தால் அழுத்தச் சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்குக் கீழிருந்த சக்கரங்களின் மேல் அழுத்தம் கொடுப்பதில் கவனம் வைக்கச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். இரண்டுக்கும் இடையே சில அங்குலமே தூரம்; ஆனால் வேறுபாடு பெரிது. ஸ்னோபோர்டு மதிப்பீட்டாளர்கள் உடலைவிட்டுப் பலகையைப் பற்றிப் பேசத் தொடங்கியது வெறும் வசதிக்காக அல்ல, கற்றலுக்கே உகந்தது என்பதற்கு இது வலுவான ஆதாரம். 1984இல் சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகியோர் செய்த தொகுப்பாய்வு இன்னொரு எச்சரிக்கையைத் தந்திருந்தது: ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால், கற்பவர் அந்தக் குரலைச் சார்ந்துவிடுகிறார்; குரல் இல்லாதபோது தடுமாறுகிறார். பயிற்சி நாட்களில் ஓயாமல் திருத்தப்பட்ட தேர்வர், தேர்வு நாளின் மௌனத்தில் திணறுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம்.

கற்பித்தல் பகுதியின் மதிப்பீடு இன்னும் மெதுவாகவே மாறியது. சறுக்குதலில் சுட்டிக்காட்டத் தடம் உண்டு. பாடத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே ‘தெளிவில்லை’, ‘உற்சாகம் போதாது’, ‘நல்ல குரல்’ போன்ற பொதுச் சொற்களே நெடுங்காலம் புழங்கின. இவை ஆளைப் பற்றியவை, செயலைப் பற்றியவை அல்ல. மாறாக, தொடக்க விளக்கம் நீண்டதால் மாணவர்கள் குளிரில் அசையாமல் நின்றார்கள் என்றோ, இரண்டாம் மாணவரின் பிழை விளிம்பு மாற்றத்தில் இருந்தும் கொடுத்த பயிற்சி வேகத்தைப் பற்றியது என்றோ சொல்லும்போது தேர்வருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. தேர்வரையே முதலில் பேசவிடுவது பிற்காலத்தில் பரவிய நல்ல வழக்கம். உம் பாடத்தில் மாணவர் எதைக் கற்றார், அது உமக்கு எப்படித் தெரிந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் தரும் பதிலிலேயே, மதிப்பீட்டாளர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். தாமே கண்டுகொண்டதை மறுபடி சொல்லத் தேவையில்லை. காணத் தவறியதை மட்டும் காட்டினால் போதும்.

அமெரிக்கச் சங்கங்கள் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் தேர்வு முறையை விரிவாகத் திருத்தின. பயிற்றுநரின் தகுதியைத் தொழில்நுட்பத் திறன், கற்பித்தல் திறன், மனிதர்களோடு பழகும் திறன் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன காணப்பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தன. ஒன்று முதல் ஆறு வரையிலான அளவுகோலில் மதிப்பெண். கேட்கப்பட்ட கூறுகள் காணப்படவே இல்லை என்றால் ஒன்று, போதிய தரத்தில் சீராகக் காணப்பட்டால் நான்கு, தொடர்ந்து மிக உயர்ந்த தரத்தில் காணப்பட்டால் ஆறு. எண்ணோடு எழுத்தில் கருத்துரையும் உண்டு. தரம் முன்பே தேர்வர் கையில் இருப்பதுதான் இதில் முதன்மையான நன்மை. சாட்லர் கேட்ட மூன்றில் முதலாவது அதனால் நிறைவேறுகிறது. கூறுகள் தனித்தனியே மதிப்பிடப்படுவதால், தார்ன்டைக் கண்ட ஒளிப்படிவும் ஓரளவு கட்டுப்படுகிறது.

ஐரோப்பாவில் வேறொரு வழியும் உள்ளது. ஆல்ப்ஸ் நாடுகளில் பனிச்சறுக்குப் பயிற்றுநரின் உயர்நிலைத் தகுதிக்கான யூரோடெஸ்ட், கடிகாரத்தை நடுவராக வைக்கிறது. முதலில் இறங்கித் தடம் திறப்பவரின் நேரத்தைவிட ஆண்கள் 18 விழுக்காட்டுக்குள்ளும் பெண்கள் 24 விழுக்காட்டுக்குள்ளும் கூடுதலாக எடுத்து ஜயன்ட் ஸ்லாலம் ஓட்டத்தை முடிக்க வேண்டும். இதில் பாரபட்சத்துக்கு இடமில்லை, விவாதத்துக்கும் இடமில்லை. தவறியவருக்குத் தெரிவதெல்லாம் எத்தனை நொடி பிந்தினோம் என்பதே. கடிகாரம் நேர்மையான நீதிபதி; ஆனால் அது ஆசிரியர் ஆகாது. பயிற்றுநரை உருவாக்கும் தேர்வில் அது ஒன்றையே நம்புவது போதாது.

கனடாவின் முதல் நிலைச் சான்றிதழ் மூன்று நாள் பயிற்சியும் மதிப்பீடும் கலந்தது. முந்தைய நாட்களில் கற்பித்தவரே கடைசி நாளில் மதிப்பிடுகிறார். தேர்வரை மூன்று நாளும் பார்த்தவரின் பின்னூட்டம் ஒரே நாள் பார்த்தவரின் பின்னூட்டத்தைவிட ஆழமாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்னேற்றத்தையும் அவரால் சுட்ட முடியும். அதே நேரம், நேற்றுவரை ஊக்கம் கொடுத்த குரல் இன்று தோல்வியை அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஊக்கமாகச் சொன்ன சொற்களைத் தேர்ச்சிக்கான உறுதியாகத் தேர்வர் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அறிவிப்பு நம்பிக்கைத் துரோகமாகவே அவருக்குப் படும். இதைத் தவிர்க்க ஒரே வழி, நடுவிலேயே நிலையை மறைக்காமல் சொல்வது. இந்த நொடியில் தரம் எட்டப்படவில்லை, எட்டாதது இந்த இடத்தில், இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர், முடிவு எதுவானாலும் அதை ஏற்றுக்கொள்வார்.

முடிவைச் சொல்லும் நேரமும் இடமும் சிறிய விஷயங்கள் அல்ல. நாள் முழுதும் குளிரில் உழைத்துக் களைத்த குழுவின் முன் பெயர்களை வாசித்து, தேறியவருக்குச் சட்டையில் குத்தும் பின்னைக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். தேறியவரின் மகிழ்ச்சிக்கு அது நியாயமானதே. ஆனால் பெயர் வராதவர் அந்த நேரத்தில் கேட்கும் எந்த அறிவுரையும் மனத்தில் தங்காது. பட்லரின் ஆய்வு காட்டியதும் இதை ஒத்ததே: தீர்ப்பு உடன் வந்தால் கருத்துரை கேட்காது. ஆகவேதான் எழுத்துக் கருத்துரைக்கு மதிப்பு. ஒரு வாரம் கழித்து, மனம் ஆறியபின் எடுத்துப் படிக்க ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் கண்டது, காரணம், அடுத்த பயிற்சி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தேறியவருக்கும் அதே தாள் தேவை. அவர் மறுநாளே மாணவர்கள் முன் நிற்கப்போகிறவர்.

இந்தத் தேர்வில் பின்னூட்டத்துக்குக் கூடுதல் பொறுப்பு இருப்பதும் அதனால்தான். நீச்சல் தெரியுமா, வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கும் தேர்வுகளில் சொல்லப்படுவது தேர்வரோடு நின்றுவிடும். பயிற்றுநர் தேர்வில் சொல்லப்படுவது தேர்வர் வழியாக அவருடைய மாணவர்களுக்கும் போகிறது. ‘பலவீனம், இன்னும் மடக்கு’ என்று கேட்டுப் பழகியவர் தம் மாணவரிடமும் அதையே சொல்வார். தடத்தைக் காட்டிக் காரணத்தை விளக்கக் கேட்டவர் அப்படியே கற்பிக்கத் தொடங்குவார். ஷ்னைடர் காலத்தில் ஆசானின் திருப்பம் தலைமுறைக்குத் தலைமுறை நகலானது. இன்று நகலாவது மதிப்பீட்டாளர் பேசும் முறை.

மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் சறுக்குவதில் சிறந்தவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் சிறப்பாகச் சறுக்குவதும், கண்டதைக் காரணத்தோடு நாலு வரியில் எழுதுவதும் வெவ்வேறு திறன்கள். ஒரே தேர்வரை இருவர் பார்த்துத் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தைப் பேசித் தீர்க்கும் பயிற்சி இதற்கு எளிய வழி. பயிற்றுநர் சங்கங்கள் தம் மதிப்பீட்டாளர்களின் சறுக்கும் திறனை ஆண்டுதோறும் சரிபார்ப்பதில் காட்டும் அக்கறையை, அவர்கள் எழுதிய கருத்துரைகளைச் சரிபார்ப்பதிலும் காட்ட வேண்டும்.